வீட்டில் சொல்வதெழுதுதல்: பிழையற எழுதப் பழக்கும் முறை

குழந்தைக்குப் பேச்சு வருவது செவி வழியாக; எழுத்து வருவது கண் வழியாகவும் கை வழியாகவும். இம்மூன்றையும் ஒரே வேளையில் ஒரே பணியில் ஈடுபடுத்தும் பயிற்சி சொல்வதெழுதுதல். ஒருவர் சொல்ல மற்றொருவர் கேட்டு எழுதும் இவ்வெளிய பயிற்சிக்குப் பெரிய கருவிகள் வேண்டா. ஒரு நூலும் ஒரு குறிப்பேடும் ஓர் எழுதுகோலும் போதும். வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பெற்றோர் முதலில் இதனை நாடுவது அதனாலேயே. ஆயின், செய்யும் முறை தவறினால் பிள்ளை கற்றுக்கொள்வது எழுத்தையன்று, எழுதுவதற்கு அஞ்சுவதையே.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது பள்ளிகள் மூடப்பட்டன. பத்துமலையிலும் செந்தூலிலும் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் அடுக்குமாடி வீட்டின் கூடமே வகுப்பறையாயிற்று. கணக்கையும் அறிவியலையும் ஆசிரியர் திரை வழியே விளக்கலாம். பிள்ளை ‘மழை’ என்பதற்கு எந்த ழகரத்தை எழுதுகிறது என்பதை அருகில் இருப்பவரே பார்க்க முடியும். அந்நாளில் பல தாய்மார்கள் பாடநூலைத் திறந்து பத்துச் சொற்களைச் சொன்னார்கள், பிள்ளை எழுதிற்று, சிவப்பு மையால் திருத்தினார்கள். மறுவாரமும் அதே பிழைகள் வந்தன. ‘எத்தனை முறை சொன்னாலும் மண்டையில் ஏறவில்லையே’ என்னும் சலிப்பும் உடன் வந்தது.

குறை பிள்ளையின் மண்டையில் இல்லை. சோதனை வேறு, கற்பித்தல் வேறு. சொல்வதெழுதுதலைச் சோதனையாக மட்டும் நடத்தியதே அங்கு நேர்ந்த தவறு.

மலேசியாவில் 2003ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி கட்டாயம் ஆக்கப்பட்டுள்ளது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் முழுமையாக வீட்டிலேயே கற்பிக்க விரும்புவோர் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி அமைச்சரிடம் விலக்குப் பெறுதல் வேண்டும். அவ்வாறு விலக்குப் பெற்றவர்க்கேயன்றி, பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மாலையில் உடன் அமரும் பெற்றோர்க்கும், தேசியப் பள்ளியில் பயிலும் பிள்ளைக்கு வீட்டில் மட்டும் தமிழ் கற்பிக்கும் பெற்றோர்க்கும் இங்குக் கூறப்படுவன பொருந்தும்.

பழைய பயிற்சி

சொல்வதெழுதுதல் மேனாட்டார் வந்து கொடுத்ததன்று. அச்சு வருமுன் தமிழ் நூல்கள் வாழ்ந்ததே ஒருவர் சொல்ல, ஒருவர் எழுதியதாலும், ஒருவர் ஏட்டைப் பார்த்து மற்றொருவர் படியெடுத்ததாலுமே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள்களைச் சொல்லிக்கொண்டே போவார். மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். அவ்வாறு எழுதியவர்களுள் ஒருவர் பின்னாளில் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர். கேட்டு எழுதுவதில் நேரும் பிழைகளையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்’ என்னும் பழமொழி அவ்வறிவில் பிறந்ததே.

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினர். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பித்தான். 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் இம்முறையைக் கண்டு தம் பள்ளியில் மேற்கொண்டார். 1797இல் அவர் அதனை நூலாக வெளியிட, ‘மதராஸ் முறை’ என்னும் பெயரில் அது இங்கிலாந்திலும் பரவிற்று.

மலாயாவில், 1912ஆம் ஆண்டிலும் 1923ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகங்களின்மேல் சுமத்தின. ஓர் ஆசிரியர், ஒரே கொட்டகையில் பல வகுப்புகள் என்ற நிலையில் சொல்வதெழுதுதலே பெருந்துணையாயிற்று. நூல் ஆசிரியர் கையில். சிலேட்டும் பலப்பமும் பிள்ளை கையில். ஒரு வகுப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது மற்றொரு வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லலாம். ஆனால் அக்காலத்தில் அதனோடு ரோத்தானும் சேர்ந்தே இருந்தது. பிழைக்கு ஓர் அடி என்ற கணக்கில் எழுத்துக் கற்றவர்களுள் பலர், பள்ளியை விட்ட பின் தமிழில் ஒரு கடிதம் எழுதவும் கூசினர். அவர்களுக்கு எழுத்து வராமலில்லை. பிழை வந்துவிடுமோ என்னும் அச்சமே கையைக் கட்டிப்போட்டது.

இவ்வச்சம் ஏழைக்கு மட்டும் உரியதன்று. 1857இல் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அவையில் எழுத்தாளர் மெரிமே ஒரு பகுதியைச் சொல்லி எழுதச் செய்தார். பேரரசர்க்கு 75 பிழைகள், அரசியார்க்கு 62, புகழ்பெற்ற எழுத்தாளர் இளைய டூமாவுக்கு 24. அயல்நாட்டவரான ஆஸ்திரியத் தூதர் மெட்டர்னிக்குக்கு 3 பிழைகளே. அரிய சொற்களைத் திரட்டிப் பொறி போல் அமைத்த பகுதி அது. அவையோர்க்கு அது நல்ல வேடிக்கை. அதனால் எவரும் எழுத்துக் கற்றிருக்கமாட்டார்.

தமிழ்ப் பிள்ளைக்கு ஏன் பிழை நேர்கிறது?

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகள். எழுதியபடி படிக்கும் மொழி தமிழ் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் கேட்டபடி எழுதும் மொழி என்று கொள்ளுதல் தவறு. காரணங்கள் நான்கு.

முதலாவது, ஒலி மயக்கம். ல, ள, ழ, ர, ற, ந, ன, ண ஆகியவற்றின் வேறுபாடு இன்றைய வீட்டுப் பேச்சில் பெரிதும் மங்கிவிட்டது. ‘வாழைப்பழம்’ என்பது ‘வாளப்பளம்’ என்றே பல வீடுகளில் ஒலிக்கிறது. காதில் விழாத வேறுபாட்டைக் கை எப்படி எழுதும்?

இரண்டாவது, பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் உள்ள இடைவெளி. ‘வந்துச்சு’, ‘போறாங்க’ என்று பேசும் பிள்ளை ‘வந்தது’, ‘போகிறார்கள்’ என்று எழுத வேண்டும். எழுத்துத் தமிழைச் செவியால் போதிய அளவு கேளாத பிள்ளைக்கு அது ஏறக்குறைய வேறொரு மொழி.

மூன்றாவது, ஒற்று மிகுதலும் மிகாமையும். ‘முயற்ச்சி’, ‘அதற்க்கு’ என்னும் பிழைகள் கடைப் பலகைகளிலும் அழைப்பிதழ்களிலும் கூடக் காணப்படுகின்றன.

நான்காவது, மலேசியப் பிள்ளைக்கே உரியது. அது மூன்று எழுத்து முறைகளை ஒருங்கே கற்கிறது. மலாய் ரூமி எழுத்து ஒலியை நெருங்கித் தொடர்வது. 1972இல் இந்தோனேசியாவுடன் இசைந்து சீரமைக்கப்பட்டது. ஆங்கில எழுத்தோ ஒலியோடு பல இடங்களில் ஒத்துப்போகாதது. போதாக்குறைக்கு, கைப்பேசியில் தமிழை உரோமன் எழுத்தில் தட்டும் வழக்கமும் வந்துவிட்டது. அங்கே பல்லியும் பள்ளியும் ஒரே எழுத்துகளால் ஆனவை.

எனவே, பெற்றோர் அழுத்தந்திருத்தமாகச் சொன்னால் மட்டும் போதும் என்பது சரியன்று. ழகரத்தைத் தாமே ஒலிக்க இயலாத பெற்றோரும் உளர். செவியோடு கண்ணும், கண்ணோடு பொருளும், பொருளோடு விதியும் சேர வேண்டும்.

நினைவின் சுமையைக் குறைக்கும் விதிகள்

பிள்ளைகள் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. சில விதிகள் நூற்றுக்கணக்கான சொற்களைக் காத்துவிடும்.

மெல்லினம் தன் இனமான வல்லினத்தையே முன்னிட்டு நிற்கும். டகரத்திற்கு முன் ண்: கண்டான், நண்டு. தகரத்திற்கு முன் ந்: பந்து, வந்தான். றகரத்திற்கு முன் ன்: கன்று, தென்றல். இதனை அறிந்த பிள்ளை ‘ன்டு’ என்றோ ‘ண்று’ என்றோ எழுதாது.

சொல்லின் முதலில் வருவது ந மட்டுமே. ன, ண வாரா. சொல்லின் நடுவில் தகரத்தை அடுத்தன்றி ந் வந்தால், அது பெரும்பாலும் இரு சொற்கள் கூடிய இடமாக இருக்கும்: அந்நாள், செந்நெல், முந்நூறு.

தமிழ்ச் சொல் றகரத்தில் தொடங்காது. இரட்டிப்பது றகரமே, ரகரம் அன்று: காற்று, வெற்றி. ற், ட் ஆகிய இரண்டின்பின் மற்றொரு மெய் இரட்டித்து வாராது: முயற்சி, அதற்கு, கேட்க, வெட்கம். ய், ர், ழ் ஆகியவற்றின்பின் இரட்டித்து வரலாம்: காய்ச்சல், வளர்ச்சி, வாழ்க்கை. இவ்வொரு விதியே பிழைப்பட்டியலில் கணிசமான பகுதியை நீக்கிவிடும்.

சொல்லின் இறுதியை இலக்கணமே முடிவு செய்யும். பன்மையைக் காட்டும் ‘கள்’, பெண்பாலைக் காட்டும் ‘ஆள்’ இரண்டிலும் ளகரம்: மரங்கள், வந்தாள். இடத்தைக் காட்டும் ‘இல்’, கருவியைக் காட்டும் ‘ஆல்’ இரண்டிலும் லகரம்: வீட்டில், கத்தியால். ‘அவள் வந்தாள்’ என்பது நடந்தது. ‘அவள் வந்தால்’ என்பது நடந்தாலன்றி உறுதியில்லாதது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லி எழுதச் செய்தால், எழுத்து மாறினால் செய்தியே மாறுகிறது என்பதைப் பிள்ளை தானே காணும்.

இவ்விதிகளுக்குள் அடங்காதனவே மனத்தில் நிறுத்த வேண்டியவை. அவற்றை இணையாகக் கற்பித்தல் நலம்: மனம், மணம், அரம், அறம், கரி, கறி, ஒலி, ஒளி, ஒழி, வலி, வளி, வழி. தனிச் சொல்லாகச் சொல்லாமல் தொடரில் வைத்தே சொல்ல வேண்டும். ‘கரி’ என்று மட்டும் கூறிவிட்டு ‘கறி’ என்று எழுதிய பிள்ளையைக் கடிதல் முறையன்று.

முன்னரே பயின்று எழுதுதல்

வீட்டுக் கல்வியைப் பற்றிச் சிந்தித்த ஆங்கிலக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842-1923) சொல்வதெழுதுதலுக்கு ஒரு வழி வகுத்தார். 1886இல் வெளிவந்த ‘வீட்டுக் கல்வி’ என்னும் அவர்தம் நூலில் அது விளக்கப்பட்டுள்ளது. பிள்ளை எழுதப்போகும் பகுதியை முதலில் கண்ணால் பார்த்துப் பயில வேண்டும். ஐயமுள்ள சொற்களை மனத்தில் படியவைக்க வேண்டும். பிறகே ஆசிரியர் தொடர் தொடராகச் சொல்ல வேண்டும். பிழை விழுந்தால் அவ்விடத்தை உடனே ஒரு தாள் துண்டால் மறைத்துவிட வேண்டும். பிழையான வடிவத்தைக் கண் மீண்டும் மீண்டும் பார்த்தால் அதுவே மனத்தில் தங்கிவிடும் என்பது அவர் கருத்து.

இம்முறையைத் தமிழுக்கு ஏற்ப ஒரு வாரப் பயிற்சியாக அமைத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்குக் கால் மணி நேரம் போதும். பத்துமலையை அறிந்த ஒரு பிள்ளைக்கு இத்தகைய பகுதியைக் கொடுக்கலாம்:

“பத்துமலை முருகன் கோயிலுக்கு ஏற இருநூற்று எழுபத்திரண்டு படிகள் உள்ளன. படிகளின் இருபுறமும் குரங்குகள் திரிகின்றன. பாட்டி மெல்ல ஏறினாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ‘குரங்குக்கு வாழைப்பழத்தைக் காட்டாதே, உன் கையைப் பிறாண்டும்’ என்று அவள் எச்சரித்தாள்.”

திங்களன்று பெற்றோர் இதனை இருமுறை படிக்க, பிள்ளை கேட்க வேண்டும். பின் பிள்ளை உரக்கப் படிக்க வேண்டும். பொருள் விளங்காத சொல் இருத்தல் கூடாது.

செவ்வாயன்று பிள்ளையே கடினமான சொற்களின் கீழ்க் கோடிட வேண்டும். ‘எழுபத்திரண்டு’ என்பதில் ண் ஏன், ‘திரிகின்றன’ என்பதில் ன் ஏன் என்று விதியைக் கேட்கலாம். ‘ஏறினாள்’, ‘எச்சரித்தாள்’ இரண்டிலும் ள் வருவது பாட்டி பெண் என்பதால். ‘கையைப் பிறாண்டும்’ என்பதில் ப் மிகுந்தது இரண்டாம் வேற்றுமை உருபின்பின் வல்லினம் வந்ததால். ‘மழை’, ‘வழி’, ‘வாழை’ ஆகியவற்றுக்கு விதி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு காற்றில் விரலால் எழுதிப் பார்க்கட்டும்.

புதனன்று சொல்வதெழுதுதல். முதலில் முழுப் பகுதியையும் ஒருமுறை படிக்க வேண்டும். பிறகு மூன்று நான்கு சொற்கள் கொண்ட தொடராகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சொல்லாக உடைத்துச் சொன்னால், ஒற்று மிகும் இடங்கள் பிள்ளையின் செவிக்கு எட்டா. ஒரு தொடரை ஒருமுறை சொல்லிக் காத்திருத்தலே நல்லது. திரும்பத் திரும்பச் சொல்வது கவனத்தைச் சோம்பலாக்கும். இறுதியில் முழுவதையும் மீண்டும் படிக்க, பிள்ளை தன் எழுத்தைச் சரிபார்க்க வேண்டும்.

வியாழனன்று திருத்தம். மூலத்தை அருகில் வைத்துப் பிள்ளையே தன் பிழையைக் கண்டுபிடிக்க வேண்டும். பெற்றோர் சிவப்பு மையைத் தொடாமலிருத்தல் நன்று. பிழையான சொல்லை மறைத்துச் சரியான வடிவத்தை எழுதச் செய்து, அச்சொல்லைக் கொண்டு ஒரு புதிய வாக்கியமும் எழுதச் செய்யலாம். ‘இருபது முறை எழுது’ என்னும் பழைய தண்டனையில் கை எழுதும், மனம் உறங்கும். ஐந்தாம் முறைக்குமேல் பிள்ளை சொல்லையே பார்ப்பதில்லை. மேலிருந்து கீழாக ‘ம ம ம’ என்று முதலெழுத்துகளை எழுதி முடித்து, அடுத்த எழுத்துக்குப் போய்விடுகிறது.

வெள்ளியன்று அதே பகுதியை, சில சொற்களை மாற்றி, மீண்டும் சொல்ல வேண்டும். பாட்டிக்குப் பதிலாகத் தாத்தா வந்தால் ‘ஏறினார்’ என்றாகும். விதியை உணர்ந்து எழுதுகிறதா, நெட்டுருவாக எழுதுகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

பிழைக் குறிப்பேடு

மதிப்பெண் இடும் குறிப்பேட்டைவிடப் பயன் தருவது பிழைக் குறிப்பேடு. ஒரு பக்கத்தில் ல, ள, ழ. ஒரு பக்கத்தில் ர, ற. ஒரு பக்கத்தில் ந, ன, ண. ஒரு பக்கத்தில் ஒற்று. ஒரு பக்கத்தில் பேச்சு வழக்கு எனப் பிரித்துப் பிழைகளைச் சரியான வடிவத்தில் குறித்துவந்தால், ஒரு திங்களில் பிள்ளையின் தடுமாற்றம் எங்கிருக்கிறது என்பது விளங்கும். பத்துக்கு நான்கு என்னும் எண், பிள்ளைக்கு வருத்தத்தைத் தரும், வழியைக் காட்டாது. ‘உனக்கு ரகர றகரம் மட்டுமே தகராறு’ என்னும் செய்தி வழியையும் காட்டும். மற்றவை சரியாகவே உள்ளன என்னும் தெம்பையும் தரும்.

குறிப்பேட்டிலுள்ள சொற்களை மறுநாள், மூன்றாம் நாள், மறுவாரம், மறுதிங்கள் என இடைவெளியிட்டு மீண்டும் கேட்க வேண்டும். செருமானிய உளவியலார் எபிங்காஸ் தம்மையே சோதனைப் பொருளாக்கி நினைவை ஆராய்ந்து 1885இல் வெளியிட்ட முடிவுகள் இதற்குத் துணை நிற்கின்றன. கற்றதில் பெரும்பகுதி முதல் சில நாழிகைகளிலேயே மறந்துபோகிறது. ஒரே அமர்வில் பலமுறை ஓதுவதைவிட, நாள்களில் பரப்பி ஓதுவது நன்கு நிலைக்கிறது. பார்த்துப் படிப்பதைவிட, நினைவிலிருந்து வரவழைப்பது மறதியைத் தடுக்கும் என்பதைப் பிற்கால ஆய்வுகளும் காட்டியுள்ளன. சொல்வதெழுதுதலின் வலிமையே அதில்தான் உள்ளது.

சில எச்சரிக்கைகள்

வீட்டில் பாட்டி உடனமர்ந்து கற்பிப்பதாயின், ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் வடிவம் மாறிற்று. மலேசியப் பள்ளிகளும் பின்னர் அதனை ஏற்றன. அதற்கு முன் கற்றவர்கள் பழைய வடிவில் எழுதினால் அது பிழையன்று. பிள்ளைக்கு அதனை எடுத்துச் சொன்னால், பாட்டியின் பழைய கடிதங்களைப் படிக்கும் திறனும் அதற்குக் கிட்டும்.

தமிழ் படிக்கத் தெரியாத பெற்றோரும் இதனை நடத்தலாம். தெரிந்த ஒருவரைக் கொண்டு பகுதியைக் கைப்பேசியில் பதிவு செய்து, பிள்ளையைக் கேட்டு எழுதச் செய்து, நூலோடு ஒப்பிடச் செய்யலாம். பிள்ளைக்கு முன்னால் பெற்றோரும் ஒரு தாளெடுத்து எழுதினால் இன்னும் நன்று. ‘அம்மாவுக்கும் மூன்று பிழை’ என்று காணும் பிள்ளை பிழையைக் கண்டு அஞ்சாது.

சில பிள்ளைகள் எத்துணை முறை பயின்றாலும் எழுத்துகளை இடம் மாற்றி எழுதும். படிப்பதிலும் மிகத் தடுமாறும். டிஸ்லெக்சியா என்னும் கற்றல் இடரால் அவ்வாறு நேரலாம். அது சோம்பலுமன்று, அறிவுக் குறைவுமன்று. அத்தகைய பிள்ளைக்குச் சொல்வதெழுதுதலை மேலும் மேலும் திணித்தல் தீங்கு பயக்கும். பயிற்சி பெற்றவரிடம் காட்டி, அவர் கூறும் வழியை மேற்கொள்வதே தக்கது.

ஆறு வயதுக்கு முன் சொல்வதெழுதுதல் வேண்டா. எழுத்து வடிவம் கைக்கு வந்து, எளிய வாக்கியங்களைப் படிக்கத் தெரிந்த பின்னரே அது பயன் தரும். அதற்கு முன் கதை சொல்லுதலும், நல்ல தமிழில் படித்துக் காட்டுதலும் போதும். பின்னாளில் எழுதப்போகும் தமிழை முன்னதாகவே செவிக்கு அறிமுகம் செய்தல் அது.

தோட்டங்கள் பலவும் இன்று வீட்டுமனைகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்தில் கோயிலும் பள்ளியும் லயமும் அடுத்தடுத்து இருந்தமையால், பிள்ளையைச் சுற்றி நாளெல்லாம் தமிழ் ஒலித்தது. அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கு அச்சூழல் இல்லை. அதற்குத் தமிழ் எழுத்து நிலைக்குமா என்பது, வீட்டில் எவரேனும் ஒருவர் நாள்தோறும் கால் மணி நேரம் அருகில் அமர்வாரா என்பதைப் பொறுத்திருக்கிறது. அக்கால் மணி நேரம் கடுமையில் கழிந்தால், பிள்ளை தமிழைப் பேசும், எழுதாது. பொறுமையில் கழிந்தால், பெரியவனானபின் வேற்றூரிலிருந்து தாய்க்கு நான்கு வரி தமிழில் எழுத அது தயங்காது. அந்நான்கு வரியில் ஒரு றகரம் மாறியிருந்தாலும் குற்றமில்லை. எழுதிய கை நிற்காமல் எழுதுமாயின், பிழை மெல்லத் திருந்திவிடும்.